முதலாளியின் மேசை மணி

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டப் பாதையில், மலையை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய புது வீடுகளின் வரிசை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வீட்டு வாசலில், கதவுக்குப் பக்கத்துச் சிமெந்துத் திட்டின் மேல், பித்தளை மேசை மணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற மணி. உச்சியிலுள்ள குமிழை அமுக்கினால் ஒரே ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மழையில் நனையாமலிருக்க அதன்மேல் பழைய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று கவிழ்த்திருக்கும். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கிண்ணத்தைத் தூக்கி, மணியை அமுக்கி, மறுபடி கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். மின்சார மணி ஹட்டன் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற காலத்தில் இது என்ன கூத்து என்று முதல் தடவை வருகிறவர்கள் கேட்பார்கள். நான் கேட்டதில்லை. அந்த மணிச் சத்தத்தைப் பல மாநாடுகளில், மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, காது புளிக்கக் கேட்டவள் நான்.

மணிக்குச் சொந்தக்காரர் முதலாளி. ஹட்டன் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து வியாபாரம் செய்ய வந்தவர். எங்கள் தாத்தாமார் கொழுந்து மலையில் வேலை செய்ய வந்தவர்கள். ஒரே கப்பலில்கூட வந்திருக்கலாம், ஆனால் இறங்கிய பிறகு ஒருவர் கடை வாசலில் மற்றவர் நிற்கும்படி ஆகிவிட்டது. எங்கள் கட்சியில் முதலாளி உபதலைவர். தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றே என்பதால், தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர் என்று ஆளாளுக்கு ஒரு மலையும் அந்த மலைக்கு ஒரு கூட்டமும் இருந்தன. முதலாளிக்கு மட்டும் மலை இல்லை, கூட்டம் இல்லை. யாருடைய ஆளும் இல்லை என்பதாலேயே எல்லா மாநாடுகளிலும் அவரையே சபைத் தலைவராக உட்கார வைத்தார்கள். கடை மேசையில், எதிர்க்கடையிலிருந்து தேத்தண்ணி வரவழைக்க வைத்திருந்த மணியைக் கையோடு கொண்டுவருவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில்லாத கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே மேடையிலும் உட்கார்ந்திருப்பார்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேறு வேலை கிடைக்காததால் கட்சியின் தலைமைக் காரியாலயத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள் நான். சேர்ந்த புதிதில் மாநாடு என்றால் கொள்கை பேசுகிற இடம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை முதல் மாநாட்டுக்கு முந்தின நாளே போய்விட்டது. தோட்டங்களிலிருந்து வருகிற பிரேரணைகளை மாநாட்டுக்கு முன்னால் தீர்மானக் குழு ஒன்று மேல்மாடி அறையில் கூடிச் சலித்து எடுக்கும். பாதை வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும், சம்பளம் கூட்ட வேண்டும் என்று வருகிறவற்றில் சண்டை இல்லை. சண்டை, ஒரு தோட்டத்தார் கேட்பதை இன்னொரு தோட்டத்தார் தங்களுக்குக் கேட்கும்போதுதான் வரும். அப்போது முதலாளி இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிடுவார். ஒருவர் முன்மொழிவார், மற்றவர் வழிமொழிவார், இருவர் பெயரும் பத்திரிகையில் வரும், இருவரும் சந்தோஷமாகக் கீழே இறங்கிப் போவார்கள். தைத்த இடத்தில் கோரிக்கையின் கால்வாசி காணாமல் போயிருக்கும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தைக்க முடியாதவற்றை "தேசிய சபைக்குப் பாரப்படுத்துவது" என்று ஒரு வழக்கம். தேசிய சபை என்பது கட்சியின் பெரியவர்கள் எப்போதாவது கூடும் சபை. அந்தச் சபைக்குப் போன பிரேரணை எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பிரேரணை கொண்டுவந்தவர்கள் சில மாதம் காரியாலயத்துக்கு வந்து விசாரிப்பார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்வது என் வேலைகளில் ஒன்று. பிறகு அவர்களும் விட்டுவிடுவார்கள். ஆனால் சில பேர் அதற்கும் மசியாமல், சபையிலேயே பேசித் தீர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அவர்களுக்கென்று முதலாளியிடம் இன்னொரு வித்தை இருந்தது.

அது விளங்க வேண்டுமானால் எங்கள் மாநாட்டில் தீர்மானம் எப்படி நிறைவேறும் என்று தெரிந்திருக்க வேண்டும். யாரும் கையைத் தூக்குவதில்லை, யாரும் எண்ணுவதில்லை. வாசித்து முடித்ததும் சபை கைதட்டும். முதலாளி மணியை ஒரு தடவை அமுக்கி, "ஏகமனதாக நிறைவேறியது" என்பார். நான் அதை எழுதிக்கொள்வேன். அந்தச் சத்தம் கேட்டால் எழுதுவதும், கேட்காவிட்டால் பேனாவைக் கீழே வைப்பதும்தான் எனக்கிட்ட உத்தரவு. அடுத்தது, மாநாட்டுக்குத் தலைவர் வரும் முறை. கட்சியின் தலைவர் எப்போதும் பாதியில்தான் வருவார். அவருடைய ஜீப் திருப்பத்தில் தெரிந்ததும் வாசலில் தப்பு மேளம் அடிப்பார்கள். தப்புச் சத்தம் காதில் விழுந்த உடனே மண்டபம் முழுவதும் எழுந்து, பின்பக்கம் திரும்பி, விசிலடித்துக் கைதட்டும். வழக்கு முற்றிய பிரேரணையையும் அதை மழுப்புகிற திருத்தத்தையும் முதலாளி சரியாக அந்த நேரத்துக்கு நகர்த்தி வைப்பார். திருத்தம் வாசிக்கப்படும், தப்பு அதிரும், சபை கைதட்டும், மணி விழும். தலைவருக்கு மாலை போட்டு முடிந்து எல்லோரும் உட்காரும்போது பிரச்சினை ஏகமனதாகத் தீர்ந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

அரசாங்கத்தின் புது வீட்டுத் திட்டம் பேசப்பட்ட வருஷம், பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாதர் சங்கத் தலைவி ஒரு பிரேரணையோடு வந்தார். அவரை எல்லோரும் பூண்டுலோயா அக்கா என்போம். கொழுந்து பறிக்கிறவர். கணீரென்ற குரல், வெடுக்கென்ற பேச்சு. லயத்துக் காம்பராக்களில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குக் காணித்துண்டும் வீடும் கிடைக்கப் போகிறது. யார் யாருக்கு என்ற பட்டியலைத் தோட்டத்தில் தயாரிப்பது எங்கள் தோட்டத் தலைவர்கள்தான். அதில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரை மட்டுமே எழுதிக்கொண்டு வந்தார்கள். மனைவியின் பெயரையும் சேர்க்க வேண்டும், கணவன் விட்டுப் போன வீட்டில் அங்கேயே இருந்து உழைப்பவளின் பெயரைத்தான் எழுத வேண்டும், காணி உறுதிப் பத்திரமும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அக்காவின் பிரேரணை. கட்சி மாநாட்டில் நிறைவேறினால் அது தோட்டத் தலைவர்களைக் கட்டுப்படுத்தும். அதனால்தான் அதற்கு அவ்வளவு எதிர்ப்பு.

தீர்மானக் குழுவில் அக்கா உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"மொதலாளி, எம் புருசன் கொழும்புக்குப் போயி வேற குடும்பம் வச்சிட்டாரு. கொழுந்து நான் பறிக்கிறேன், புள்ளைய நான் படிக்க வைக்கிறேன். லயத்து வீடு அவரு பேருல கெடக்கு. புது வீடும் அவரு பேருல வந்துச்சுன்னா, அந்தப் பொம்பளையக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாரு. நானும் எம் புள்ளையும் எங்கிட்டுங்க போறது?"

றொசல்லப் பக்கத்து மாவட்டத் தலைவர் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். பேராளர்களில் பாதிப் பேர் அவர் சொல்வதைக் கேட்பவர்கள். "இதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசித் தீக்குற விசயங்க. மாநாட்டுல வைக்கிறதா? நாளைக்கு எல்லாப் பொம்பளையும் புருசன வெளிய போன்னு சொல்லுவாளுங்க" என்றார்.

"வெளிய போனவரத்தாங்க நான் சொல்றேன். உள்ள இருக்கவர யாரு போகச் சொன்னா?" என்றார் அக்கா.

அறையில் ஒருவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். தேசிய சபைக்குப் பாரப்படுத்தலாம் என்று மாவட்டத் தலைவர் சொன்னார். அதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. போன தடவை சங்கத்துப் பெண்கள் அனுப்பிய கழிப்பறைப் பிரேரணை இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதுக்கு முதலில் பதில் சொல்லுங்கள் என்றார். முதலாளி கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணியை மெல்ல அமுக்கினார். "தங்கச்சி, நாளைக்கு நீங்க சபையில வாசிங்க. வாசிக்கிறதுக்கு ஒரு தடையுமில்ல. மாவட்டத் தலைவர் பாரப்படுத்தச் சொல்லித் திருத்தம் கொண்டாரட்டும். சபை முடிவு பண்ணட்டும்" என்றார். நிகழ்ச்சி நிரலில் அந்தப் பிரேரணையை எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது.

படியிறங்கும்போது அக்கா என்னை நிறுத்தினார். "ஏம்மா, நம்ம தலைவரு எந்நேரம் வருவாரு?"

"ஒங்க பிரேரணை வாசிக்கிற நேரத்துக்கு வந்துருவாருங்க்கா."

"தப்பு அடிச்சித்தானே கூட்டியாருவாங்க?"

"ஆமாங்க்கா."

"சரி சரி" என்று சொல்லிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அவருக்கு அந்த வித்தை தெரியும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. மாநாட்டுக்கு வருஷா வருஷம் வருகிறவர், கண்ணும் காதும் உள்ளவர், அவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. ஈரக் குடைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. ஆண்கள் முன்வரிசைகளிலும் பெண்கள் இடதுபக்கம் கும்பலாகவும் இருந்தார்கள். சம்பளம், பாதை, வாத்தியார் எல்லாம் கைதட்டி மணியடித்து வரிசையாகப் போயின. அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் அவசரப்படாமல் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். முடித்த பிறகும் மைக்கை விட்டு நகரவில்லை. கடைசி வரியை மறுபடி வாசித்தார். திருத்தம் வாசிக்கத் தயாராக மாவட்டத் தலைவர் மேடைப் படியில் ஒரு காலை வைத்து நின்றார். அக்கா வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, அதே வரியை மூன்றாம் முறையாகத் தொடங்கினார்.

வாசலில் தப்பு அதிர்ந்தது.

மண்டபம் மொத்தமாக எழுந்தது. விசில், கைதட்டல், நாற்காலி தள்ளும் சத்தம். எல்லா முகமும் பின்பக்கம் திரும்பிவிட்டது. நான் முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியும். அவர் யோசிக்கவில்லை. பிரேரணை வாசித்தாயிற்று, தப்பு அடித்தாயிற்று, சபை எழுந்து கைதட்டுகிறது. பல வருஷம் பழகிய கை தானாகப் போய் மணியை அமுக்கியது. பழகிய வாய் "ஏகமனதாக நிறைவேறியது" என்றது. நானும் பழக்கப்படி எழுதிக்கொண்டேன். திருத்தம் இன்னும் வாசிக்கப்படவில்லை என்பது எனக்கே எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

கதவு திறந்தது. வந்தது தலைவர் இல்லை. மத்தியானச் சோத்துப் பார்சல் கொண்டுவந்த லொறி. பார்சல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், மண்டபமே எழுந்து நின்று தனக்குக் கைதட்டுவதைப் பார்த்துத் திகைத்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாவட்டத் தலைவர் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "மொதலாளி, இது செல்லாதுங்க! சனங்க கைதட்டினது தலைவருக்கு!"

முதலாளி வாசலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "தலைவரு இன்னும் வரலீங்களே" என்றார்.

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மாவட்டத் தலைவர் விடவில்லை. "தப்புச் சத்தம் கேட்டுத்தாங்க எல்லாரும் எந்திரிச்சாங்க. ஒங்களுக்கே தெரியும்."

"அப்ப போன வருசமும் அதுக்கு முந்துன வருசமும் தப்புச் சத்தத்துக்குத்தான் எந்திரிச்சாங்களா? மைக்குல சொல்லுங்க. அந்தத் தீர்மானத்தையெல்லாம் இப்பவே வெட்டிருவோம்."

வெட்ட வேண்டியவற்றில் பாதி மாவட்டத் தலைவரே கொண்டுவந்தவை. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் உண்மையிலேயே தலைவர் வந்தார். தப்பு மறுபடி அடித்தது. சனங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து கைதட்டினார்கள். அந்த உற்சாகம் தனக்குத்தான் என்று நினைத்துத் தலைவர் வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார்.

மாநாடு கலைந்த பிறகு முதலாளி என்னிடம் கேட்டார். "புள்ள, தப்பு அடிச்ச பயலுக எந்தத் தோட்டம்?"

"பூண்டுலோயாப் பக்கங்க. முன்னால நின்னு அடிச்சது அந்த அக்காவோட தம்பி."

 அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "நம்ம கடைக்குள்ள வந்து நம்ம சாமானையே தூக்கிட்டுப் போயிருச்சே அந்தப் புள்ள" என்றார். இப்போதாவது அதை ரத்துச் செய்யலாமே, ஏமாற்றுத்தானே நடந்திருக்கிறது என்று நான் கேட்டேன். நான் அந்தப் பிரேரணைக்கு எதிரி இல்லை. அவர் என்ன சொல்வார் என்று பார்க்க வேண்டியிருந்தது. "தவறிக் குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதான் புள்ள. வாசல் தாண்டிப் போனவங்களக் கூப்பிட்டுத் திரும்ப வாங்கினா, கடைக்குத்தான் பேரு கெட்டுப்போகும்" என்றார்.

அவர் அந்தப் பிரேரணையை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெண்கள் உரிமை பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. அவருடைய கடை அவர் பெயரில்தான் இருந்தது, அவருடைய வீடும் அப்படித்தான். வியாபாரிக்குரிய பிடிவாதம் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அன்றைக்குக் கைகளை ஒழுங்காக எண்ணியிருந்தால் அக்கா தோற்றிருப்பார். பேராளர்களில் ஆண்கள்தான் அதிகம். எண்ணாமல் விடுகிற பழக்கத்தை அவ்வளவு காலம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த நான், எண்ணாமல் விட்டதால் ஒரு நல்லது நடந்தபோது வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்து வருத்தப்படவும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வீடுகள் கட்டத் தாமதமாகி, பட்டியல் இறுதியாவதற்கு முன்னால் அடுத்த மாநாடு வந்துவிட்டது. இந்தத் தடவை மாவட்டத் தலைவர் தயாராக வந்திருந்தார். கைதட்டி நிறைவேற்றுவதை நிறுத்த வேண்டும், கை தூக்கி எண்ண வேண்டும் என்பது அவருடைய முதல் பிரேரணை. போன மாநாட்டில் நிறைவேறிய வீட்டுத் தீர்மானத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதை யாரும் எதிர்க்க முடியாது. நியாயமான பேச்சு அது. முதலாளியே, "எண்ணுறது நல்லதுதாங்க. இன்னையிலருந்து எண்ணுவோம்" என்றார். எண்ணித்தான் அது நிறைவேறியது. அடுத்தது அக்காவின் வீடு. எண்ணிப் பார்க்கும் வழக்கம் வந்த முதல் நாளே அது போய்விடும் என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா பெண்கள் பக்கத்தில், முதல் நாற்காலியில், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

மாவட்டத் தலைவர் ரத்துப் பிரேரணையை வாசித்து முடித்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏகமனதா நிறைவேறுனத ஏகமனதாத்தாங்க ரத்துப் பண்ண முடியும். ஒரே ஒரு கை எதுத்தாலும் பழைய தீர்மானம் அப்பிடியே நிக்கும். எதுக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

அக்காவின் கை மேலே போனது. அதற்குப் பின்னால் பெண்கள் பக்கம் முழுவதும் கைகளாக இருந்தது. முதலாளி எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாமல் இருந்தது. மணியை அமுக்கினார்.

அப்படி ஒரு விதி கட்சியின் சட்டதிட்டங்கள் அடங்கிய யாப்பில் கிடையாது. அந்த யாப்பைத் திருத்தித் திருத்திப் பல தடவை தட்டச்சுச் செய்தவள் நான், அதனால் தெரியும். அவருக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேரைத் தவிர அதை யாரும் படித்ததில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுதிக்கொண்டேன். முதல் வருஷம் கை தவறி மணி மேல் விழுந்தது என்று சொல்லலாம். இந்தத் தடவை அப்படிச் சொல்ல முடியாது. அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துப் போனது.

அன்றைய கடைசி விஷயம் நிர்வாகிகள் தெரிவு. உபதலைவர் பதவிக்கு எப்போதும் முதலாளி பெயர் ஒன்றுதான் வரும். அன்றைக்கு மாவட்டத் தலைவரின் ஆள் ஒருவர் பெயரும் வந்தது. புது வழக்கப்படி கைகளை எண்ணினோம். முதலாளி தோற்றுப்போனார். அதை அறிவிக்க வேண்டியவரும் அவர்தான். அவர் எண்ணிக்கையை ஒருதரம் என்னிடம் கேட்டு வாங்கி, ஜெயித்தவரின் பெயரைத் தெளிவாக வாசித்து, மணியை அமுக்கினார். பிறகு எழுந்து நாற்காலியைப் புதியவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மேசையிலிருந்த பத்திரிகைத் தாளில் மணியைச் சுற்றினார். மணியை வைத்துவிட்டுப் போகும்படி யாரோ சொன்னார்கள். "இது கடை மணிங்க. தேத்தண்ணி சொல்றதுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டினார்கள். அதற்கு மணி அடிக்க ஆள் இருக்கவில்லை.

அதன்பிறகு அவர் மாநாட்டுக்கு வரவில்லை. கடையில் உட்கார்ந்திருப்பார். நான் வேலையை விட்டு நுவரெலியாவில் மொழிபெயர்ப்பு வேலை செய்யத் தொடங்கிய பிறகும் ஹட்டனுக்குப் போனால் கடைக்குப் போவேன். மணியை அமுக்கித் தேத்தண்ணி சொல்வார். மாநாட்டைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். ஆணிக்கும் கூரைத் தகட்டுக்கும் வருகிறவர்களோடு பேரம் பேசுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் இரண்டு பேருக்கும் பிடித்த மாதிரி ஏதோ ஒரு விலையில் தைத்துவிடுவார்.

வீடுகள் முடிந்து பூண்டுலோயாவில் பால் காய்ச்ச அழைத்தபோது நாங்கள் இருவரும் ஒரே வேனில் போனோம். உறுதியில் அக்காவின் பெயர் இருந்தது. அதைச் சட்டம் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அதற்கும் பொட்டு வைத்திருந்தது. வந்தவர்கள் குத்துவிளக்கு, பாய், சட்டி என்று கொடுத்தார்கள். முதலாளி பத்திரிகைத் தாள் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அக்கா பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னாங்க மொதலாளி, இத வச்சி நான் எங்க மாநாடு நடத்துறது?" என்றார்.

"வாசல்ல வைங்க தங்கச்சி. ஒங்க வீட்டுக்குள்ள யாரு வந்தாலும் இத அடிச்சி, ஒங்களக் கேட்டுட்டுத்தான் வரணும். நானா இருந்தாலும்."

சொன்னதோடு நிற்கவில்லை. முழங்கால் வலியோடு மெல்ல எழுந்து, படியிறங்கி வெளியே போய், திட்டின்மேல் மணியை வைத்து ஒரு தடவை அமுக்கிவிட்டுக் காத்து நின்றார். வீட்டுக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "உள்ள வாங்க மொதலாளி" என்றார். அந்த மணியால் எத்தனையோ பேரின் பேச்சை நிறுத்திய மனிதர், அன்றைக்கு அதே மணியை அடித்துவிட்டு ஒரு கொழுந்துக்காரியின் பதிலுக்காகத் தூறலில் நின்றார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போன நேரம் அது.

முதலாளி இப்போது இல்லை. கடையை மகன் நடத்துகிறார், தேத்தண்ணிக்கு போனில் சொல்கிறார்கள். கட்சி மாநாடுகளில் கைகளை எண்ணுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எண்ணுவதற்கு முன்னாலேயே யார் யார் கை தூக்குவது என்று பேசி வைத்துவிடுகிறார்களாம்.

போன மாதம் வேறு வேலையாகப் பூண்டுலோயாவுக்குப் போனபோது அக்கா வீட்டுக்கும் போனேன். கிண்ணத்தைத் தூக்கி மணியை அமுக்கினேன். உள்ளேயிருந்து "யாருங்க?" என்று குரல் வந்தது. அக்காவின் மகள் இப்போது முன்பள்ளி ஆசிரியை. அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, சாதாரண செய்தி சொல்கிற மாதிரி, கணவர் வந்துவிட்டுப் போனதைச் சொன்னார். கொழும்பில் அந்தக் குடும்பமும் சரிவரவில்லையாம். வயசாகிவிட்டதாம்.

"மணி அடிச்சாராங்க்கா?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லிக் குடுத்துருக்காங்க. அடிச்சிட்டு நின்னாரு. வெளியவே ஒக்கார வச்சி தேத்தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு, நான் உள்ள வந்து இருந்துக்கிறட்டுமான்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

அக்கா டம்ளரை என் கையில் கொடுத்தார். "தேசிய சபைக்குப் பாரப்படுத்தியிருக்கேன், முடிவு வந்தோடன சொல்லி அனுப்புறேன்னேன்."

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேலெல்லாம் சிந்திவிட்டது. அக்காவும் சிரித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. புறப்படும்போது குடையை விரித்துவிட்டு, என்ன தோன்றியதோ, கிண்ணத்தைத் தூக்கி மணியை ஒருதரம் அமுக்கினேன்.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டார்.